அம்மனுக்குப் பான் கார்டு இல்லை

என் பெயர் ராஜகுமாரி. என் ராஜ்ஜியம் அருவங்காடு பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சந்தில், எட்டடிக்குப் பத்தடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மழைக்காலம் வந்தால் தாளை இழுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பிரிண்டர். கரண்ட் பில், பட்டா, பென்ஷன், ஆதார் என்று வருஷம் பூராவும் ஜனங்கள் வருவார்கள். ஜூன், ஜூலையில் வருமான வரிக்காரர்கள் வருவார்கள். வருமானம் உள்ளவர்கள் என்னிடம் வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குக் குன்னூரில் ஆடிட்டர் இருக்கிறார், ஆடிட்டருக்கு ஏசி இருக்கிறது. குன்னூரில் ஏசி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் கட்டவே வேண்டாத வரியை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று அதைத் திரும்ப வாங்க வருகிறவர்கள்.

இவர்களுக்கு ஒரு பழக்கம். என்ன பேப்பர் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் அந்தச் சீட்டில் இல்லாத எல்லாம் வரும். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் காஸ் புத்தகம் வரும். பான் கார்டு கேட்டால் மகளின் பூப்புச் சீர் அழைப்பிதழ் வரும். "இதுல அட்ரஸ் நல்லாத் தெளிவா இருக்குதுங்க, இதப் பாருங்க" என்பார்கள். சீட்டை எங்கே என்று கேட்டால், "அதத்தாங்க ஊட்ல வெச்சுட்டு வந்துட்டேன்" என்பார்கள். நான் கத்துவேன். பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப்பார்ப்பார். இப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

போன வருஷம் மே கடைசியில் வீரையா வந்தார். கையில் ஒரு டீத்தூள் மூட்டை. ஃபேக்டரியிலிருந்து டீத்தூள் போகுமே, உள்ளே வெள்ளிப் பேப்பர் ஒட்டிய தடித்த காகிதப் பை, அது. மேலே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, வாழ்நாள் ஆவணங்கள் மொத்தத்தையும் என் மேஜையில் வரிசையாக அடுக்கினார். ஒன்றில்கூடப் பூஞ்சணம் இல்லை. நீலகிரியில் பூஞ்சணம் பிடிக்காத பத்திரம் பார்ப்பது அபூர்வம். எங்கள் வீட்டுப் பத்திரத்திலேயே சர்வே நம்பருக்கு மேல் பச்சையாக ஒரு தோட்டம் வளர்ந்து நிற்கிறது.

"இப்பிடி வச்சா ஈரம் ஏறாது தங்கச்சி. முப்பத்தாறு வருசம் அந்த ஃபேக்டரியில கெடந்ததுக்கு இது ஒண்ணுதான் படிச்சேன்" என்றார்.

வீரையாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடும் நாலு தம்பி தங்கைகளோடும் கப்பலில் வந்து இறங்கினார். அங்கே இருந்தபோது இந்தியாக்காரன் என்று அனுப்பிவைத்தார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன் என்று கூப்பிட்டார்கள். காட்டேரிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது, பின்னால் இவருக்கு அதே எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் மெஷினில் வேலை கிடைத்தது. லைன் வீடு என்று நாங்கள் சொல்வதை அவர் இன்னும் லயம் என்றுதான் சொல்வார். அந்த லயத்தில் நாற்பத்திரண்டு வீடு. டிசம்பரில் ரிட்டயர் ஆனார். மகன் பாலகுமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மனைவி சின்னம்மை இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். குடிப்பழக்கம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், கோயில் பொருளாளர்.

அந்தப் பதவி அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருந்த பொருளாளர், லயத்து மாரியம்மன் கோயில் பணத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு பணத்தைப் பேங்கில்தான் போட வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். கோயில் பேரில் கணக்குத் தொடங்கப் போனால் பதிவு எங்கே, பான் எங்கே என்று பேங்கில் கேட்டார்கள். திரும்பி வந்து, "யாருகிட்டடா பான் கார்டு இருக்குது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். தவணையில் டிவி வாங்குவதற்காகப் பான் கார்டு எடுத்திருந்த வீரையா வெள்ளந்தியாகக் கையைத் தூக்கினார். தூக்கின கையை இறக்குவதற்குள் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பணம் அவர் பேரிலேயே வைப்புநிதியாகப் போனது. இந்த மலையில் பாதிக் கோயில் பணம் இப்படித்தான் ஏதோ ஒரு நல்ல மனுஷன் பேரில் கிடக்கிறது. கெட்டவன் பேரில் கிடந்த பணமெல்லாம் பஸ் ஏறிவிட்டது.

மனுஷன் அதைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார். வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய். ஒவ்வொரு நூறையும் நோட்டில் எழுதுவார். பேங்குக்குப் போக குன்னூர் பஸ் சார்ஜ் தன் பையிலிருந்துதான். அம்மன் காசில் ஒரு டீ குடித்தது கிடையாது. நூறு நூறாகச் சேர்ந்து, உண்டியல் சேர்ந்து, வட்டி குட்டி போட்டு, எட்டு லட்சம் ஆகியிருந்தது. கோயிலைக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்பது லயத்துக்காரர்கள் எல்லாருடைய ஆசை.

அப்படிப்பட்டவர் என் கடையில் உட்கார்ந்து, அடுக்கின பேப்பரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லயத்துல என்னயக் கள்ளன்னு சொல்லிட்டாங்க தங்கச்சி."

நடந்தது இதுதான். வைகாசிப் பொங்கல் முடிந்து கணக்கு வாசிக்கும் கூட்டம். கோயில் கமிட்டித் தலைவர் தினகரன், லயத்து முனையில் டீக்கடையும் மளிகையும் வைத்திருக்கிறவர், பாஸ்புக்கை வாங்கி மைக்கில் வாசித்தார். வட்டி ஐம்பத்தாறாயிரம் வர வேண்டிய இடத்தில் நாற்பத்து நாலாயிரத்து எண்ணூறுதான் இருந்தது. பதினோராயிரத்து இருநூறு குறைகிறது. தினகரனுக்கு மைக் கையில் இருந்தால் அம்மனே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டார். "அம்மன் பணம் தேஞ்சு போச்சுங்களா, இல்ல மழையில கரைஞ்சு போச்சுங்களா வீரையாண்ணே? ரிட்டயர் ஆன கையோட புதுசா பீரோ வேற வந்து எறங்குச்சே!" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆடிப் பதினெட்டுக்குள் பணம் வந்தாக வேண்டும், இல்லையென்றால் போலீசில் எழுதிக் கொடுப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை எழுதியது தினகரன். நோட்டுப் புத்தகம் வீரையா வாங்கிக் கொடுத்தது.

"ஒரு சல்லி எடுக்கல புள்ள. அந்த பீரோ என் கிராஜுவிட்டில வாங்குனது. அவ ரொம்ப நாளா கேட்டா" என்றார்.

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். பார்த்த உடனே விளங்கிவிட்டது. "ஏனுங்ணா, இது களவும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த வருசம் வட்டி ஒரு அளவத் தாண்டிருச்சு, தாண்டுனா பேங்க்காரங்க வரி புடிச்சு கவர்மெண்டுக்குக் கட்டிருவாங்க. உங்க பான் கார்டு ஆதாரோட இணைக்காமக் கெடக்குது, அதனால ரெண்டு மடங்கு புடிச்சிருக்காங்க. உங்க வருமானத்துக்கு வரியே கெடையாதுங்க. ரிட்டர்ன் போட்டா அத்தனையும் திரும்பி வந்துரும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! ஜெயில் வாசலில் நிற்கிறவனிடம் வீட்டுக்குப் போ என்று சொன்னால் அப்படித்தான் பார்ப்பான். நான் ஒரு சீட்டை எடுத்து எழுதினேன். பான் கார்டு, ஆதார், பேங்க் வட்டிச் சான்றிதழ், வரி பிடித்த சான்றிதழ், எஸ்டேட் ஆபீசில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வாங்கிய சம்பளத்துக்கு ஒரு சர்டிபிகேட். ஐந்தே ஐந்து பேப்பர். இவ்வளவுதான், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று வாய் கூசாமல் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான்.

முதலில் பான் கார்டும் ஆதாரும். இணைக்கப் போனால் பிறந்த தேதி ஒத்துவரவில்லை. பான் கார்டில் ஜூலை பதினாலு. ஆதாரில் ஜனவரி ஒன்று. "இதுல எதுங்ணா நெசம்?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே இல்ல" என்றார் அமைதியாக. "ஜூலை பதினாலு நாங்க கப்பல் எறங்குன நாளு. கேம்ப்புல எழுதுன கிளார்க்கு, எங்க அஞ்சு பேருக்கும் அதே தேதியப் போட்டுட்டாரு. ஜனவரி ஒண்ணு, ஆதார் எடுத்த புள்ள போட்டது. எங்கம்மா சொன்னது தைப்பூசத்துக்கு மறுநாளு."

ஒரே தாய் வயிற்றில் ஐந்து பிள்ளைகள், ஐந்து வெவ்வேறு வருஷம், ஒரே ஜூலை பதினாலு. சர்க்கார் நினைத்தால் என்னதான் நடக்காது! ஆதாரில் இருப்பதையே உண்மை என்று வைத்துக்கொண்டு பான் கார்டைத் திருத்த எழுதிப்போட்டேன். அது வர பதினெட்டு நாள். பிறகு இணைப்பதற்கு அபராதம் ஆயிரம் ரூபாய். சும்மா கிடந்த இரண்டு அட்டையை அறிமுகம் செய்துவைக்க ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள், கல்யாணத் தரகன் தோற்றான். வீரையா அந்த ஆயிரத்தையும் தன் பையிலிருந்துதான் கொடுத்தார். நோட்டில் அம்மன் கணக்கில் எழுதச் சொன்னேன், கேட்கவில்லை.

இதற்கு நடுவில் சம்பளச் சர்டிபிகேட். வீரையா எஸ்டேட் ஆபீசுக்கு ஏறினார். முதல் நாள் கிளார்க் லீவு. இரண்டாம் நாள் கிளார்க் இருந்தார், துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், லீவு. மூன்றாம் நாள் இரண்டு பேரும் இருந்தார்கள், ரப்பர் ஸ்டாம்ப்பைப் பூட்டி வைத்தவர் லீவு. நாலாம் நாள் கிளார்க், "உங்களுக்குத்தான் வரியே கெடையாதே, எதுக்குங்க சர்டிபிகேட்?" என்று சட்டம் பேசினாராம். வரி இல்லை என்று காட்டத்தான் சர்டிபிகேட் என்று இவர் பதில் சொல்ல, அப்படி ஒரு சர்டிபிகேட் எங்களிடம் கிடையாது என்று அவர் சொல்ல, கடைசியில் சின்னம்மை நேராகப் பெரட்டுக்களத்தில் துரையை மறித்து, "எம்புருசன் கள்ளனில்லன்னு நிரூபிக்க ஒரு தாளு குடுங்க தொரை, நீங்க குடுக்கிற வரைக்கும் நான் கொழுந்துக்குப் போவல" என்று நின்றாராம். அரை மணி நேரத்தில் தாள் வந்தது, இரண்டு ஸ்டாம்ப்போடு. பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுக்கிற இடம். அங்கே ஒரு பெண் நகரவில்லை என்றால் எஸ்டேட்டே நகராது.

பேங்கில் ஹன்னா என்று ஒரு பெண் இருக்கிறாள், கோத்தகிரிக்காரி. கௌண்டரில் இருக்கிற மனுஷர்களில் மனுஷரிடம் பேசுகிற ஒரே ஆள். அவள்தான் வட்டிச் சான்றிதழும் வரி பிடித்த சான்றிதழும் ஒரே நடையில் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வேலை ஒரே நடையில் முடிந்ததில் வீரையாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இது அசலுதானா பாரு புள்ள" என்று என்னிடம் இரண்டு தடவை காட்டினார்.

ஜூலை நடுவில் எல்லாம் சேர்ந்தது. வெளியே மழை கொட்டுகிறது. வருமான வரி வெப்சைட்டைத் திறந்து, ரகசிய எண்ணுக்காகத் திருப்பூரில் இருக்கிற பாலகுமாருக்குப் போன் போட்டேன். ஆதாரில் அவன் நம்பர்தான் இருக்கிறது. மெஷின் சத்தத்தில் அவனுக்குக் காது கேட்கவில்லை, மழையில் எனக்கு சிக்னல் கிடைக்கவில்லை. மூன்றாவது எண்ணில் உள்ளே போனோம். வட்டி என்ற இடத்தில் ஐம்பத்தாறாயிரம் என்று அடித்தேன்.

வீரையா கம்ப்யூட்டரை உற்றுப்பார்த்தார். "இது என்னா?"

"உங்க வட்டி வருமானமுங்ணா."

"என் வருமானமில்லையே. அம்மன் வருமானம்."

"உங்க பேர்ல இருக்குதுங்களே."

"பேரு என்னோடது. காசு அம்மனோடது. அம்மன் பேர்ல போடு."

"அம்மனுக்குப் பான் கார்டு இல்லீங்ணா!" என்று கத்திவிட்டேன். பேக்கரிக்காரர் எட்டிப்பார்த்தார்.

அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு உறுதிமொழி வருமே, அதைப் படித்துக் காட்டச் சொன்னார். மேலே கண்ட விவரங்கள் எல்லாம் நான் அறிந்தவரை உண்மை என்று வரும். முந்நூறு பேருக்கு நான் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தர் கேட்டதில்லை. இவர் கேட்டார். கேட்டுவிட்டு, "பொய்ச் சத்தியம் பண்ணமாட்டேன் தங்கச்சி. அம்மன் காச என் காசுன்னு எழுதிட்டா, தினகரன் சொன்னது மெய்யாப் போயிரும்" என்றார். கோபம் கோபமாக வந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லையே, என்ன செய்ய?

ஒரு வழி சொன்னேன். இந்தப் பணம் எங்கள் கோயில் பொதுப்பணம், வீரையா பேரில் போட்டு வைத்திருக்கிறோம் என்று லயத்துக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுக்கட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்க்கலாம் என்றேன். நானே டைப் அடித்துக் கொடுத்தேன். ஐந்தே வரி. வீரையா அதை டீத்தூள் பைக்குள் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். "பதினோரு வருசமா என்னய நம்புன சனம், இதுல கையெழுத்துப் போடாமலா போயிரும்?" என்றார்.

நாலு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் வந்தார். நான் டைப் அடித்த தாள் அப்படியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. கூட இன்னொரு தாள், கோடு போட்ட பேப்பர், தினகரன் கையெழுத்து. வாங்கிப் படித்தேன். வீரையா பேரில் பேங்கில் உள்ள பணத்துக்கும் கீழே கையெழுத்திட்டவர்களுக்கும் எந்தவிதச் சம்பந்தமும் இல்லை. அது வீரையா தன் சொந்த உழைப்பில் சேர்த்த சொந்தப் பணம். அதற்கு வரும் வரிக்கோ வழக்குக்கோ நாங்கள் பொறுப்பல்ல. கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக இரண்டு பக்கம்.

விஷயம் என்னவென்றால், வருமான வரி என்று கேட்டதுமே தினகரன் வீடு வீடாகப் போயிருக்கிறார். கையெழுத்துப் போட்டவன் பேரெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், பொம்பளைகளுக்கு மாதம் வருகிற ஆயிரம் ரூபாய் நின்றுவிடும், ரேஷன் அரிசி நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். மே மாதம் வீரையா திருடிய அம்மன் பணம், ஜூலை மாதம் வீரையாவின் சொந்தப் பணம் ஆகிவிட்டது. பதினோராயிரம் குறைந்ததற்குப் போலீஸ் வரைக்கும் போகத் துணிந்த ஜனம், ஆயிரத்துக்குப் பயந்து எட்டு லட்சத்தைக் கைகழுவிவிட்டது. அடேங்கப்பா, என்ன பக்தி!

வீரையா ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுதார். ஆம்பளை அழுதால் நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பிரிண்டரைத் திறந்து மூடினேன். "என்னய நம்புறாங்கன்னு நெனச்சேன் புள்ள" என்றார். "என் பான் கார்ட நம்பியிருக்காங்க."

எனக்குத் தினகரனை நேரில் பார்த்தால் நாலு கேட்க வேண்டும் என்று இருந்தது. கடிதத்தை மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது.

"வீரையாண்ணா, அழுவாதீங்க. நாம கேட்டத விட நல்ல லெட்டரு குடுத்திருக்காங்க. இது உங்க பணம்னு ஊரே எழுதிக் குடுத்திருச்சு. இனி இத உங்க வருமானம்னு எழுதுனா அது பொய்ச் சத்தியம் இல்லீங்க. சாட்சி இருக்குது பாருங்க, ரெண்டு பக்கம்!"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கினார். ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "அப்ப போடு" என்றார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

போட்டேன். பாலகுமார் இந்தத் தடவை மெஷினை நிறுத்திவிட்டு எண்ணைச் சொன்னான். ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, நம்பினால் நம்புங்கள், பதினோராயிரத்து இருநூறும் கணக்கில் வந்து விழுந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே டிபார்ட்மெண்டே கொடுத்துவிட்டது, லயத்துக்காரர்கள்தான் கொடுக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். "எனக்கு வெளங்கப்படுத்தத் தெரியாது, நீ வந்து சொல்லு" என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கோயில் முன்னால் தார்ப்பாய் கட்டி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக் வழக்கம்போல் தினகரன் கையில்.

வரி எப்படிப் பிடித்தார்கள், எப்படித் திரும்பி வந்தது என்று பாஸ்புக்கைக் காட்டிச் சொன்னேன். எல்லாரும் ஆகா என்றார்கள். தினகரன் மைக்கில், "நமக்கு அப்பவே தெரியுமுங்க, வீரையாண்ணன் தங்கமான மனுசன்" என்றார். கொஞ்சமாவது நாக்குக் கூச வேண்டாமா? கூசவில்லை. அதோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. "பிரச்சனை தீந்துருச்சு. இனி அம்மன் பணம் எட்டு லட்சத்தையும் எடுத்துக் கமிட்டி கையில குடுத்திருங்கண்ணே, திருப்பணிய ஆரம்பிச்சரலாம்" என்றார்.

வீரையா எழுந்தார். டீத்தூள் பைக்குள்ளிருந்து கோடு போட்ட தாளை எடுத்து என்னிடம் கொடுத்து, "பேரோட வாசி புள்ள" என்றார். வாசித்தேன். சொந்த உழைப்பில் சேர்த்த சொந்தப் பணம் என்ற இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன், அது என் திமிர். பிறகு நாற்பது பேரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். பேர் வரவர ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்தது.

"அது சும்மா ஒரு பயத்துக்கு எழுதுனதுங்க. கிழிச்சுப் போட்டுறலாம்" என்றார் தினகரன். மைக் இல்லாமல் சொன்னார்.

"கிழிக்க ஏலாது" என்றார் வீரையா. "இதக் காட்டித்தான் நான் சத்தியம் பண்ணியிருக்கேன். கள்ளன்னு சொன்னப்பவும் நீங்கதான் சொன்னீங்க. சொந்தக் காசுன்னு சொன்னப்பவும் நீங்கதான் எழுதுனீங்க. ரெண்டுல ஒண்ணத்தான நான் வச்சுக்க முடியும்? எழுதுனத வச்சுக்கிறேன்."

எனக்கே திக்கென்றது. மனுஷன் எடுத்துக்கொள்ளப் போகிறாரோ? எடுத்துக்கொள்ளட்டுமே என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

"ஆத்தா கோயிலு கட்டணும். கட்டலாம். மொத்தக் காசையும் நான் ஆத்தாளுக்கே குடுக்கிறேன், அந்த வரியில வந்த பதினோராயிரத்து இருநூறையும் சேத்து. நீங்க கேட்டுக் குடுக்கல. என் காச நானாக் குடுக்கிறேன். கல்லுல பேரு வெட்டணும். உபயம், வீரையா."

பின்வரிசையில் ஒருத்தன், "யாரூட்டுக் காசுக்கு யாருங்க உபயம்?" என்று எழுந்தான். "உங்கூட்டுக் காசுங்களா? அப்படீன்னா இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, பேனா தர்றேன்" என்று நான் பேனாவை நீட்டினேன். உட்கார்ந்துவிட்டான்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கம்மா எழுந்தாள். பதினேழாம் நம்பர் வீடு, புருஷன் செத்துப்போய் ஒண்டியாகக் கொழுந்து பறித்துப் பிழைக்கிறவள். "என் பேர அதுல வாசிச்சியா?" என்று என்னைக் கேட்டாள். தாளைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. நாற்பத்திரண்டு வீட்டில் வீரையா வீடு போக இன்னொரு வீடு குறைந்தது. "இருக்காது" என்றாள். "தினகரன் மை டப்பியோட வந்தான். ஆயிரம் போனாப் போவுது, மாசாமாசம் நூறு குடுத்தவ நான், இது யாரு காசுன்னு எனக்குத் தெரியும், வீரையா களவாணின்னு அம்மன் வந்து சொன்னாலும் ஒத்துக்கமாட்டேன்னு வெரட்டி உட்டுட்டேன்."

வீரையா அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருன்னு எழுதிக்க புள்ள" என்றார்.

தை மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. வாசலில் கறுப்புக் கல். திருப்பணி உபயம் வீரையா, மூக்கம்மா. நாற்பது வீட்டுக்காரர்களும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். உபயதாரர் பேரைக் கமிட்டித் தலைவர் மைக்கில் அறிவிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நாலு பக்கமும் புனல் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், கீழே காட்டேரி வரைக்கும் கேட்கும். தினகரன் புது வேட்டியில் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டா வெறுப்பாக, "உபயம், நம்ம லைன்ஸ் வீரையா அவர்கள், மூக்கம்மா அவர்கள்" என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வீரையா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. மெதுவாக என் காதருகே, "இன்னொருக்காச் சொல்லச் சொல்லு புள்ள" என்றார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். "ஏனுங்க தினகரன், பின்னாடி சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்கா நல்லாச் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார்.